மூன்று ஆண்டு ஹேங்போர்டு பயன்பாடு: பலகையை விடக் கப்பிக்கே அதிக மதிப்பெண்

பாறையேற்றத்துக்கு விரல் வலுவைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ஹேங்போர்டு (விரல்களால் பற்றித் தொங்கிப் பழகும் பலகை) வாங்கலாம் என்றுதான். 20 மி.மீ. ஆழமுள்ள ஒரு விளிம்பு இருந்தால் எந்தப் பலகையும் போதும். மூன்று ஆண்டு தொடர்ந்து தொங்கிய பின் உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: விரல்கள் தாங்கும் எடையைக் குறைக்கும் கப்பி இல்லாத பலகை பாதிக் கருவி.

பலகையைப் பற்றிச் சுருக்கமாக. மரமா, ரெசினா என்றால் மரம். ரெசினின் சொரசொரப்பு முதலில் நல்ல பிடி தரும். ஆறு வாரத்தில் விரல் நுனித் தோலைத் தின்றுவிடும். ஹம்பியின் கிரானைட் ஏற்கெனவே தோலைச் சீவுகிற பாறை. அதற்குத் தயாராகிறவர் வீட்டிலேயே தோலைத் தேய்த்துத் தீர்க்கக் கூடாது. மரம் வழவழப்பானது, அதனால் விரல்தான் வேலை செய்தாக வேண்டும். குறை ஒன்று உண்டு: சென்னை போன்ற ஊரில் மழைக்காலக் காலையில் மரம் ஈரம் இழுத்து வழுக்கும். மின்விசிறியை நேராகப் பலகைமேல் திருப்பிப் பத்து நிமிடம் விட்டால் சரியாகும். வார்னிஷ் அடிக்கவே கூடாது.

மாட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். பலகையை நேரடியாகச் சுவரில் திருகாமல், 18 மி.மீ. பிளைவுட்டில் பொருத்தி, அந்தப் பிளைவுட்டைக் கான்கிரீட் லிண்டலிலோ பீமிலோ ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். பூச்சுக்கு உள்ளே இருப்பது ஹாலோ பிளாக் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பூச்சின் கனத்தைக் கணக்கில் எடுக்காமல் குட்டை ஸ்க்ரூ போட்டால் அது பூச்சை மட்டுமே பிடித்திருக்கும். சில மாதத்தில் ஆட்டம் கொடுக்கும்.

இனி கப்பி. கூரையில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கப்பி, 6 மி.மீ. கயிறு ஆறு மீட்டர். கயிற்றின் ஒரு முனை இடுப்பில் கட்டும் ஹார்னஸில், மறு முனை கைப்பிடியுள்ள 15 லிட்டர் எண்ணெய் கேனில். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கேனில் எவ்வளவு தண்ணீரோ, உடல் எடையில் அவ்வளவு குறையும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னக் கிணற்றுக் கப்பி வேண்டாம். அச்சு உரசுவதால் இன்று 10 கிலோ குறைப்பது நாளை 8 ஆகும். பேரிங் உள்ளதை வாங்குங்கள். ஹார்னஸைக் கழற்றும்போது ஒரு கை கேனில் இருக்கட்டும், இல்லையேல் கேன் காலில் விழும்.

68 கிலோ எடையுள்ளவர் 20 மி.மீ. விளிம்பில் ஹாஃப் கிரிம்ப் பிடியில் (விரலின் நடுக்கணுவைச் செங்கோணமாக மடக்கி) வெறுமனே தொங்கினால் 5 நொடிதான் தாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேனில் 12 லிட்டர் ஊற்றியதும் 13 நொடி வருகிறது. அவருடைய பயிற்சி எடை அதுதான். அதில் 10 நொடி மட்டும் தொங்கி இறங்க வேண்டும். மீதி மூன்று நொடிதான் பாதுகாப்பு. ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 3 நிமிட ஓய்வு. வாரம் இரண்டு நாள், இடையில் குறைந்தது 48 மணி நேரம். இரண்டு வாரம் எல்லா முறையும் சுத்தமாக முடிந்தால் ஒரு லிட்டரைக் கொட்டலாம். முன்னேற்றம் இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும். முன்கைத் தசை சில வாரத்தில் வலுப்பெறும். தசைநாணும் அதை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் பட்டைகளும் பல மாதம் கேட்கும். காயங்கள் பிறப்பது இந்த இடைவெளியில்தான். கப்பி இல்லாதவருக்கு எடையைச் சிறிது சிறிதாக அளந்து ஏற்றுவது கடினம். பெரும்பாலும் முதல் நாளே முழு எடை.

முதலில் போவது பெரும்பாலும் மோதிர விரல் அல்லது நடுவிரலின் அடிப்பகுதியில் தசைநாணைப் பிடித்திருக்கும் ஏ2 பட்டை. விரலின் அடிக்கணுவில், உள்ளங்கைப் பக்கம் அழுத்தினால் வலித்தால் அன்றே நிறுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் கேட்டு வீங்கினால் கை அறுவை மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் பார்த்தாக வேண்டும். கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் பூட்டும் ஃபுல் கிரிம்ப் அந்தப் பட்டைமேல் பாரத்தைப் பல மடங்கு ஏற்றுகிறது. பலகையில் அதைப் பழகத் தேவையே இல்லை. தோள் காதுவரை ஏறித் தொங்குவது இன்னொரு தவறு. தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்து, முழங்கையைச் சற்றே மடக்குங்கள். முழங்கையின் உட்புறம் வலி எடுப்பவர்கள் ரப்பர் பேண்டை விரல்களில் மாட்டி 20 முறை விரித்துப் பழகுவது உதவக்கூடும்.

ஏறத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவருக்கு ஹேங்போர்டு வேண்டாம். ஏற்றப் பயிற்சிச் சுவரில் ஏறுவதே அவருக்குப் போதுமான விரல் பயிற்சி. வளரும் பிள்ளைகளைக் கூடுதல் எடையோடு தொங்கவிடாதீர்கள், விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு முறியக்கூடும். 1988இல் நியூரம்பெர்க்கில் ஜெர்மன் பாறையேற்ற வீரர் வொல்ஃப்காங் க்யூலிஷ் பயன்படுத்தத் தொடங்கிய கேம்பஸ் போர்டு (காலை ஊன்றாமல் கைகளால் மட்டுமே ஏறும் படிப்பலகை) இன்னும் கடுமையானது, அவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. பனிமலை ஏறத் தயாராகிறவருக்கும் இந்தப் பலகை வீண் செலவு. முதுகில் 15 கிலோ பையோடு மாடிப்படி ஏறுவதுதான் அவருக்கான பயிற்சி.

பராமரிப்பு எளிது. வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் சாக் பொடியைத் துடைக்கலாம். விளிம்பு பளபளக்கத் தொடங்கினால் 220 எண் உப்புத்தாளால் நாலு இழுப்பு, அதற்கு மேல் தேய்த்தால் விளிம்பின் அளவு மாறிப் பழைய கணக்கெல்லாம் பயனற்றுப் போகும். மாதம் ஒருமுறை போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.