நாலு வருடம் மின்வாசிப்பானோடு: மூலையில் நிற்கும் அந்த நிமிடக் கணக்கு

போன கிழமை என் மின்வாசிப்பானுக்கு, அதாவது மின்நூல் வாசிக்கிற கருவிக்கு, பற்றரி மாற்றினேன். கருவியை வாங்கியது 2021-இல். கடையில் காத்திருந்தபோது கூடவே வந்திருந்த நண்பர் கேட்டார்: "உயர்தரம் படிக்கிற மகனுக்கு உப்பிடி ஒண்டு வாங்கிக் குடுக்கட்டோ? ஃபோனை விட்டிட்டுப் புத்தகம் வாசிப்பானோ?" அங்கேயே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திரை, எடை, எத்தனை புத்தகம் கொள்ளும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். 2022-இல் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த இரவுகளில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு இதில்தான் வாசித்தேன். இதன் மைத்திரை (e-ink) பக்கத்தைப் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். கறுப்பு வெள்ளைத் துகள்கள் ஒருமுறை இடம் மாறி நின்றுவிட்டால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். மெல்லிய வெளிச்சம் போட்டு வாசித்தும் பற்றரி கிழமைக்கணக்கில் நின்றது. ஃபோன் செத்துக் கிடந்த வீட்டில் இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஆனால் அந்தக் கீழ் மூலை! "அத்தியாயம் முடிய 4 நிமிடம்" என்று ஒரு வரி நிற்கிறது. நாலு வருடமாக என்னோடு சண்டை பிடிப்பது அதுதான். கதையில் ஒரு தாய் படலையடியில் நிற்கிறாள். அந்தப் படலை, அவள் கை, தூரத்தில் வரும் சைக்கிள் மணி எல்லாம் மனதில் எழுந்து வரும் நேரத்தில் கண் தானாக மூலைக்குப் போகிறது. நாலு நிமிடம்தானே, முடித்துவிடலாம் என்று கை பக்கத்தைத் தட்டிவிடுகிறது. படலை போய்விட்டது.

கட்டுரை என்றால் இன்னும் மோசம். நாங்கள் பக்கம் புரட்டும் வேகத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. ஒரு வரியில் நின்று, இவர் சொல்வது சரிதானா, நேற்று வாசித்ததோடு பொருந்துகிறதா என்று யோசித்தால், எனக்கு வேகம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிமிடத்தைக் கூட்டுகிறது. யோசித்ததற்குத் தண்டம் கட்டுவது போல இருக்கிறது. அச்சுப் புத்தகத்திலும் மிச்சப் பக்கங்களின் தடிப்பு விரலுக்குத் தெரியும்தான், ஆனால் அது யாரையும் அவசரப்படுத்தாது.

சரி, நியாயமாகவும் சொல்லவேண்டும். மூலையைத் தட்டினால் அந்த வரி மறையும். விரல் தவறிப் பட்டால் திரும்பவும் வரும். பற்றரி மாற்றியபோது அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆரம்பநிலைக்குப் போய், அதுவும் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தக் கோபம் அதனால் வந்ததுதான்.

என் கோபம் வெறும் பிடிவாதமும் இல்லை. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாசிப்பை, ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2018-இல் வெளிவந்தது. தகவல் சார்ந்த எழுத்தைத் தாளில் வாசித்தவர்கள் கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த வித்தியாசம் இன்னும் பெரிதானது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. எல்லாத் திரையும் மைத்திரை அல்ல என்பது உண்மை. ஆனால் "நேரக் கட்டுப்பாடு" என்று கண்டதும் என் மூலைதான் நினைவுக்கு வந்தது.

இனி, நான் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கும், 2005-இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்திலிருந்து பழைய இதழ்களை இறக்கி இதில் போட்டு வாசிக்கிறேன். எல்லாம் வருடிய (ஸ்கேன் செய்த) படங்கள். ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். கருவியைப் படுக்கையாகத் திருப்பி, அரைப் பக்கம் அரைப் பக்கமாகத் தள்ளித்தான் வாசிக்கவேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், படம் என்பதால் நிமிடக் கணக்கு அங்கே வருவதில்லை. ஒரு இதழில் பூச்சி அரித்த துளை ஒன்று பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரே இடத்தில் வந்துகொண்டே இருந்தது. அது தின்ற எழுத்து எதுவாக இருக்கும் என்று ஒவ்வொரு பக்கமும் ஊகித்து ஊகித்து வாசித்தேன். அந்தக் கட்டுரை இன்றைக்கும் வரிவரியாக நினைவில் இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த ஊரில், யாரோ பாதுகாத்துத் தந்த ஒரு தாளின் துளைகூட என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு நெடுநேரம் கருவியை மூடி வைக்க மனம் வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: மகனுக்கு இப்போது வாங்கவேண்டாம். ஏ4 தாளுக்குச் செய்த பாடக்குறிப்புகள் இதில் சரிவராது. ஓரத்தில் பென்சிலால் "ஏன்?" என்று கிறுக்க அவனுக்குத் தாள் வேண்டும். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நேரம் சொல்ல இன்னொரு சாமானும் தேவையில்லை. கதை வாசிக்க ஆசைப்பட்டால் என்னுடையதை ஒரு மாதம் தருகிறேன், மூலையை மறைத்துவிட்டு. ஒரு மாதம் மட்டும்தான். அந்த இதழின் அடுத்த இலக்கத்தை நேற்றுத்தான் இறக்கி வைத்திருக்கிறேன்.