வாட்ஸ்அப் ஃபார்வர்டு வசதி: ஊர்க் குழு நடத்துவோருக்கு ஒரு மதிப்புரை

மஞ்சள் விலை, முட்டை விலை, தறிக் கூலி, கும்பாபிஷேக அழைப்பு, ரத்தம் தேவை என்ற அவசரச் செய்தி: கொங்குப் பக்கம் எல்லாமே வாட்ஸ்அப்பின் ஃபார்வர்டு அம்புக்குறி வழியாகத்தான் போகிறது. அதைக் கையாளும் அட்மின்களுக்கு அதன் பலமும் ஓட்டையும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை கடத்தல் வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட 2018-இல்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. ஐந்து கை மாறிய செய்தியில் இரட்டை அம்பு விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம். பலமுறை பகிரப்பட்ட செய்திகள் இதனால் 70% குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. நல்ல தடுப்புதான்.

ஆனால் அந்த அம்பு கை மாறிய கணக்கை மட்டுமே சொல்லும், உண்மை பொய்யைச் சொல்லாது. காப்பி செய்து ஒட்டினால் அம்பே இருக்காது. வீடியோவைக் கேலரியிலிருந்து எடுத்துப் போட்டால் புதுச் செய்தி மாதிரி கிளம்பிவிடும். வீடியோவுக்குக் கீழே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டு வேறு எழுதி அனுப்பவும் முடியும். இதுதான் பெரிய ஓட்டை.

2023 மார்ச்சில் திருப்பூர் இதன் விலையைக் கொடுத்தது. வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழர்கள் தாக்குவதாக இரண்டு வீடியோக்கள் சுற்றின. வீடியோக்கள் நிஜம், சொன்ன சேதி பொய். ஒன்று பீகார் தொழிலாளர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று அப்போதைய தமிழக டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். அதற்குள் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

விலைச் செய்தியிலும் இதே கோளாறுதான். 'மஞ்சள் குவிண்டால் இவ்வளவு' என்று மட்டும் வந்தால் அதை நம்பி மூட்டையை எடுக்கவும் கூடாது, நிறுத்தி வைக்கவும் கூடாது. என்ன தேதி, ஈரோடா பெருந்துறையா கோபியா, விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா, குறைந்த விலை எது, கூடின விலை எது, எல்லாம் இருக்க வேண்டும். கூடின விலை நல்ல தரமான சில மூட்டைக்குத்தான் கிடைத்திருக்கும். அதை மட்டும் பரப்பினால் மற்ற விவசாயிகள் இல்லாத விலைக்குக் காத்துக் கிடப்பார்கள்.

விலைக் குழுவில் 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று வையுங்கள். ஊர்ப் பொதுக் குழுவில் வேண்டாம், தவறைச் சுட்டிக்காட்டும் வாயும் அடைபட்டுவிடும். சந்தேகமான வீடியோ வந்தால் போட்டவரிடம் மூன்றே கேள்வி: யார் எடுத்தது, எந்த ஊர், என்றைக்கு? பதில் இல்லையென்றால் நீக்கிவிடலாம். யார் போட்டதையும் எல்லோருக்குமாக அழிக்க அட்மினுக்கு வசதி உண்டு. அனுப்பியவரே அழிக்க வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம்.

அழித்தாலும் அந்தக் குழுவிலிருந்து மட்டும்தான் மறையும். அதற்குள் வேறிடம் போன பிரதிகள் அப்படியே இருக்கும், எங்கே போயின என்று பார்க்கவும் வழியில்லை. அதனால் திருத்தத்தையும் எழுத வேண்டும்: அதே குழுவில், தேதி போட்டு, பொய் வீடியோவை மறுபடி ஒட்டாமல், எது தவறு என்று இரண்டு வரியில். இங்கிருந்து எடுத்து அனுப்பியவர்கள் திருத்தத்தையும் அதே ஆட்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.