கவுண்டர் சொல்லும் ஆழமும் குண்டு கிடக்கும் ஆழமும்: பெல்ட்டா, பல்சக்கரமா, எலக்ட்ரானிக்கா?

டவுன்ரிக்கர் என்பது, ஸ்பூல் என்ற உருளையில் சுற்றிய கம்பியில் ஈயக் குண்டைக் கட்டித் தூண்டில் இரையை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் கருவி. அதன் கவுண்டரில் 60 அடி. ஒலியால் ஆழம் பார்க்கும் சோனாரில் தரை 72 அடி. நடுவில் பன்னிரண்டு அடி இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் பாட்டுக்குப் படகை ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று டவுன்ரிக்கரின் கை பின்பக்கமாக வளைந்தது, கம்பி தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. ஈயக் குண்டு பாறை இடுக்கில் போய் மாட்டியிருந்தது. படகைத் திருப்பி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்து, கடைசியில் கம்பியை வெட்டினேன். 10 பவுண்டு குண்டு, கிளிப், இரை எல்லாம் போச்சு.

கரைக்கு வந்து கவுண்டரின் மூடியைக் கழற்றினால், ஸ்பூலிலிருந்து அதைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் பளபளவென்று இருந்தது. ரப்பர் பளபளத்தால் நல்லதில்லை. விரலால் நீட்டியதும் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. குண்டு விறுவிறுவென்று இறங்கும்போதெல்லாம் ஸ்பூல் சுற்றியிருக்கிறது, பெல்ட் வழுக்கியிருக்கிறது, கவுண்டர் பாதி நேரம் சும்மா இருந்திருக்கிறது. அது 60 என்று காட்டிய நேரத்தில் குண்டு தரையைத் தொட்டுவிட்டது.

அதன் பிறகு கவுண்டர்களை எடைபோடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். எல்லாம் ஒருநாள் கெடும். சொல்லிவிட்டுக் கெடுமா, சொல்லாமல் கள்ளக் கணக்கு எழுதுமா? எத்தனை வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கவுண்டரும் ஆழத்தை அளப்பதில்லை. ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, சுற்றுக்கு இத்தனை அடி என்று பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். சுற்றுக்கு 1 அடி விடும் ஸ்பூலும் உண்டு, 2 அடி விடும் ஸ்பூலும் உண்டு. அந்தச் சுற்று கவுண்டருக்குப் போய்ச் சேரும் வழியில்தான் வகைகள் பிரிகின்றன.

பெல்ட்

எளிமைக்கு இதை அடிக்க ஆள் இல்லை. ஸ்பூலின் நடுவில் ஒரு பள்ளம், கவுண்டரின் தண்டில் ஒரு சின்னக் கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு ரப்பர் வளையம். கவுண்டர் இறுகிக்கொண்டாலும் பெல்ட் வழுக்கிக்கொடுக்கும், எதுவும் உடையாது. இதுதான் அதன் பலம், இதுவேதான் பலவீனமும். வழுக்குவதற்காகவே செய்த மாதிரி ஒன்றை வைத்து அளந்தால் அது வழுக்காமல் என்ன செய்யும்?

ஈரம், எண்ணெய்ப் பசை, வெயிலில் காய்ந்த ரப்பர் என்று வழுக்கலுக்குக் காரணங்கள் பல. சாதாரண நைட்ரைல் ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெடிக்கும். ஈபிடிஎம் ரப்பர் அந்த விஷயத்தில் தேவலை, ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். எதைப் போட்டாலும் சீசனுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது உத்தமம்.

வழுக்குகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குண்டு நீர்மட்டத்தைத் தொடும்போது கவுண்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். வேகமாக இறக்குங்கள், நிதானமாக ஏற்றுங்கள். குண்டு மறுபடி நீர்மட்டத்துக்கு வரும்போது எண் 000-இல் நிற்க வேண்டும். பின்னோக்கிப் போய் 994, 990 என்று நின்றால் இறங்கும்போது வழுக்கியிருக்கிறது. 5, 8 என்று மிச்சம் காட்டினால் ஏற்றும்போது வழுக்கியிருக்கிறது. பெரும்பாலும் முதலாவதுதான், ஏனென்றால் வேகம் இறங்கும்போதுதான் அதிகம். குண்டை இழப்பதற்கு முன் பல நாள் நானும் 996, 995 எல்லாம் பார்த்தவன்தான். பட்டனை அழுத்திப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். கவுண்டர் சொல்லத்தான் செய்தது, கேட்க ஆள் இல்லை.

பழுது பார்ப்பது பத்து நிமிஷ வேலை. இரண்டு பள்ளங்களையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புது வளையம் மாட்டினால் முடிந்தது. உருண்டை வெட்டுமுகம் உள்ள பெல்ட் என்றால், அளவு சரியாக இருக்கும் ஓ-ரிங் (கசிவு அடைக்கப் போடும் ரப்பர் வளையம்) போதும். சுற்றளவை மட்டும் பார்க்காதீர்கள், தடிமனும் அதே வேண்டும். தடிமன் மாறினால் சின்னக் கப்பியில் பெல்ட் உட்காரும் விட்டம் மாறும், கணக்கும் கொஞ்சம் நகரும். வழுக்கக் கூடாது என்று ரொம்ப இறுக்கமானதைப் போட்டாலும் தொல்லைதான், கவுண்டரின் தண்டும் அது உட்காரும் துளையும் தேயும்.

பல்சக்கரம்

ஸ்பூலோடு ஒட்டிய ஒரு பல்சக்கரம் கவுண்டரின் சக்கரத்தை நேரடியாக ஓட்டுகிறது. வழுக்கலுக்கு இடமே இல்லை. எனக்குப் பிடித்த வகை இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதிலும் ஒரு குள்ளநரித்தனம் இருக்கிறது.

பல்சக்கரங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். உப்புத்தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்தால் உப்புத் துகள்கள் பல்லுக்குள் அரத்தூள் மாதிரி வேலை செய்யும். பழைய கிரீஸ் கெட்டியாகி எண் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டாலும் சிக்கல்தான். பெல்ட் மாதிரி விட்டுக்கொடுக்க இங்கே எதுவும் இல்லாததால் பல் உடையும். ஸ்பூல் பக்கத்துச் சக்கரத்தில் ஒரு பல் போய்விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் கவுண்டர் ஒரு பல் தூரம் சும்மா நிற்கக்கூடும். 40 பல் சக்கரம் என்று வைத்துக்கொண்டால் அது இரண்டரை சதவீதம். 100 அடி என்று காட்டும்போது குண்டு இரண்டரை அடி கூடுதலாக இறங்கியிருக்கும்.

சரி, இரண்டரை அடிதானே என்று விடலாம். குள்ளநரித்தனம் எங்கே என்றால், இறங்கும்போது விட்ட அதே அளவை ஏறும்போதும் விடும். குண்டு மேலே வந்ததும் கவுண்டர் சமர்த்தாக 000-இல் வந்து நிற்கும். மேலே சொன்ன பூஜ்ஜியச் சோதனையில் இது பாஸ். கம்பியில் குறி போட்டு ஒத்துப் பார்த்தால்தான் மாட்டும். ஆனால் காது கொடுத்துக் கேட்டால் ‘டிக்’ என்று சுற்றுக்கு ஒரு சத்தம் வரும், கைப்பிடியிலும் ஒரு சின்ன இடறல் தெரியும்.

இதைத் திறப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, எண் சக்கரங்கள் கோத்திருக்கும் தண்டை உருவிவிடுவது. மூன்று சக்கரங்களுக்கும் நடுவில் பொடிப்பொடியான சக்கரங்கள் இருக்கும். 9 முடிந்து 0 வரும்போது பக்கத்து எண்ணை ஒரு படி தள்ளிவிடுபவை அவைதான். தண்டை உருவினால் எல்லாம் இடம் மாறி, திரும்பப் பூட்டும்போது எண்கள் ஒரே வரிசையில் நிற்காது; பாதி 3, பாதி 4 என்று ஜன்னலில் எட்டிப் பார்க்கும். அதனால் உருவாமல், கவுண்டரை அப்படியே வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு கரைந்துவிடும். மெல்லிய பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, தண்டின் இரு முனையிலும் ஆளுக்கு ஒரு துளி சிலிக்கான் எண்ணெய். எண் சக்கரங்களில் எதுவும் தடவ வேண்டாம், தூசி ஒட்டும்.

கையில் கிடைத்த துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிடுவதும் உண்டு. கவுண்டரின் ஜன்னல் பாலிகார்பனேட் என்றால், கரைப்பான் கலந்த ஸ்ப்ரேயில் சிலந்தி வலை மாதிரி வெடித்துப் பூத்துவிடும். அப்புறம் கவுண்டர் சரியாக ஓடினாலும் எண் தெரியாது.

உடைந்த பல்லை ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சக்கரம் தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கவுண்டரை முழுதாகவே மாற்றிவிடுங்கள்.

காந்தமும் சென்சாரும்

ஸ்பூலில் ஒரு காந்தம், உடம்பில் ஒரு சென்சார். காந்தம் கடந்து போகும்போதெல்லாம் ஒரு துடிப்பு, அதை எண்ணித் திரையில் ஆழம். தேய்வதற்கு எதுவும் இல்லை. இந்த ஆழத்துக்கு இறங்கு, இந்த இடத்தில் நில், மேலே வந்ததும் தானாக நில் என்றெல்லாம் கட்டளை போடலாம். சில இயந்திரங்கள் சோனாரோடு பேசித் தரையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் குண்டை ஏற்றி இறக்கவும் செய்கின்றன. அந்த வசதியைப் பழகிவிட்டால் கைப்பிடியைத் தொட மனசு வராது.

இது கெடும்போது பெரும்பாலும் வெளிப்படையாகக் கெடும். திரை இருண்டுவிடும், அல்லது எண் அசையாமல் நிற்கும். என் அளவுகோலில் இது பெரிய நற்குணம். ஆனால் மூன்று இடங்களில் சத்தமில்லாமல் ஏமாற்றும். இரண்டு காந்தம் வைத்த ஸ்பூலில் ஒன்று கழன்று விழுந்தால் கணக்கு பாதியாகும். சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடைவெளி கூடிவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிப்பு விட்டுப்போகும். மூன்றாவது, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தில் வோல்டேஜ் சரிந்து, கவுண்டர் ஒரு நொடி அணைந்து பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிப்பது. கடைசி ஆசாமிதான் ஆபத்தானவர். ‘மேலே வந்ததும் நில்’ என்ற கட்டளை பூஜ்ஜியத்தை நம்பி இருந்தால், பூஜ்ஜியம் தொலைந்ததும் குண்டு நிற்காமல் வந்து டவுன்ரிக்கர் கையின் நுனியில் மோதும். தானாக நிற்கும் என்றாலும் கடைசிப் பத்து அடிக்கு என் விரல் ஸ்விட்ச்சில்தான் இருக்கும்.

வோல்டேஜ் பிரச்சினைக்கு மருந்து கவுண்டரில் இல்லை, வயரில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து தடித்த வயர், பச்சைப் பூத்த இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, பிளக்கில் மின்காப்புக் கிரீஸ். கவுண்டர் செத்துவிட்டது என்று கழற்றி வைப்பதற்கு முன் இதைப் பாருங்கள். காந்தம் விழுந்திருந்தால் எபாக்ஸி வைத்துப் புதிதாக ஒட்டலாம். சென்சார் ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஸ்விட்ச்) என்றால் எந்தத் துருவம் வெளியே பார்த்தாலும் வேலை செய்யும். காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் சென்சார்களில் பலவும் ஒரு துருவத்துக்கு மட்டுமே அசையும், தலைகீழாக ஒட்டிவிட்டால் ஊமைதான். ஒட்டுவதற்கு முன் டேப்பில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சர்க்யூட்டே போய்விட்டால் நம் கையில் ஒன்றுமில்லை. ஈரம் புகாமல் இருக்க அதைப் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். தண்ணீர் புகாது, நாமும் புக முடியாது. கைப்பிடியால் சுற்றும் டவுன்ரிக்கரின் கவுண்டரை நடுத்தண்ணீரில் ஸ்க்ரூடிரைவரோடு சமாளிக்கலாம். இதற்கு அந்த நாள் அவ்வளவுதான்.

கம்பியில் குறி

கெடவே கெடாதது. ஒவ்வொரு பாகமாக (விரித்த இரு கைகளின் நீளம்) கையால் அளந்தாலும் சரி, டேப் வைத்து அளந்தாலும் சரி, குறி என்பது கம்பியின் உண்மையான நீளம். ஸ்டீல் கம்பியில் பெயின்ட், பின்னல் நூலில் வண்ண நூல் சுற்று. தடித்த டேப் மட்டும் வேண்டாம், கப்பியில் சிக்கும். புதுப் பின்னல் நூல் என்றால் இரண்டு மூன்று முறை குண்டோடு இறக்கி ஏற்றிய பிறகு குறி போடுங்கள், முதலில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இருட்டில் தெரியாது, நொடிக்கு நொடி ஆழம் மாற்றுபவருக்குச் சரிவராது. தனியாக இதை மட்டும் நம்பி மீன் பிடிக்கச் சொல்லமாட்டேன். மற்ற மூன்றுக்கும் நடுவர் இதுதான்.

நால்வரும் கூட்டாகச் சொல்லும் பொய்

ஸ்பூலில் கம்பி அடுக்கடுக்காக இருக்கிறது. 0.8 மில்லிமீட்டர் கம்பி ஒரு அடுக்கு குறைந்தால் விட்டம் 1.6 மில்லிமீட்டர் குறையும், சுற்றளவு சுமார் 5 மில்லிமீட்டர். சுற்றுக்கு 1 அடி, அதாவது 305 மில்லிமீட்டர் விடும் ஸ்பூலில் நாலு அடுக்கு இறங்கினால் 20 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஆறரை சதவீதம். ஆழம் போகப்போகக் கவுண்டர் கூடுதலாகவே காட்டும். கம்பியை அடிக்கடி வெட்டிக் குறைத்த பழைய ஸ்பூலில் மேலிருந்தே இந்தப் பிழை ஆரம்பிக்கும். பெரிய ஸ்பூலில் இது பாதியாகிவிடும். எலக்ட்ரானிக் வகையில் திருத்த எண் போட இடம் இருந்தால் இங்கே அது ஒரு படி மேலே. இதில் மாட்டாதது கம்பியில் போட்ட குறி மட்டும்.

அடுத்தது சாய்வு, இதில் குறியும் சேர்ந்து மாட்டும். படகு நகரும்போது கம்பி பின்னால் சாய்கிறது. நீர்மட்டத்தில் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் 100 அடிக் கம்பி நேராக இருப்பதாக வைத்து 87 அடி. உண்மையில் கம்பி வளைந்திருக்கும், கீழே போகப்போகச் செங்குத்தாகும், ஆகவே குண்டு 87-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். கனமான குண்டு அல்லது மெல்லிய நூல் போட்டால் இந்தச் சாய்வு குறையும். நல்ல கவுண்டர் வாங்கி இதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சோனாரில் குண்டையே பார்க்கலாமே என்றால், பார்க்கலாம். 20 டிகிரிக் கூம்பு 100 அடி ஆழத்தில் சுமார் 35 அடி அகலம், 30 அடியில் பத்தரை அடிதான். பின்னால் இழுபடும் குண்டு கூம்புக்கு வெளியே போய்விட்டால் தெரியாது. அதனால் நான் படகை நிறுத்தி, காற்றில்லாத நேரத்தில் தரையைத் தொட்டு ஒத்துப் பார்ப்பேன். சோனார் அளப்பது நீர்மட்டத்திலிருந்தா, தன் சென்சாரிலிருந்தா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உப்புத்தண்ணீரில் தினமும் ஓடும் படகுக்கு என் ஓட்டு பல்சக்கரத்துக்கு. தரை மேடும் பள்ளமுமாக உள்ள இடத்தில், ஒரே ஆளாக நாலு தூண்டில் பார்த்துக்கொள்பவருக்கு எலக்ட்ரானிக், அதுவும் வயரிங் மேல் அக்கறை இருந்தால். பெல்ட் வகை ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். புதிதாக வாங்க நான் சொல்லமாட்டேன்.

என் படகில் இப்போது இடப்பக்கம் பல்சக்கரம், வலப்பக்கம் அதே பழைய பெல்ட் கவுண்டர். இரண்டு கம்பியிலும் 50 அடியில் ஒரு சிவப்பு, 100 அடியில் இரண்டு சிவப்பு. பெல்ட்டுக்கு ஓ-ரிங் இரண்டு, கழன்றுவிடாமல் ஸ்பூல் தண்டிலேயே முன்கூட்டிக் கோத்துக் கட்டிவைத்திருக்கிறேன். ஒன்று அறுந்தால் ஸ்பூலைக் கழற்றாமலே அடுத்ததை இழுத்து மாட்டிவிடலாம்.