தேநீர் உணவகமா, தெருவோரக் கடையா: ஹாங்காங்கின் எளிய கான்டோனீஸ் (தென்சீன) உணவு

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ போன்ற பழைய குடியிருப்புப் பகுதியில் குறைந்த செலவில் உண்ண விரும்புவோருக்கு, 'சா சான் டெங்' என்னும் தேநீர் உணவகம், 'டாய் பாய் டாங்' என்னும் தெருவோரக் கடை என இரு வழிகள் உள்ளன.

தேநீர் உணவகத்தின் உயிர் அதன் பால் தேநீரே. இலங்கைத் தேயிலைக் கலவையை நீண்ட துணி வடிகட்டியில் பலமுறை ஊற்றியெடுத்து, இனிப்பில்லாத டின் பால் சேர்த்துத் தருகிறார்கள்; இம்முறை 2017இல் ஹாங்காங்கின் மரபுப் பண்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. மக்ரோனி சூப்பும் முட்டை சாண்ட்விச்சும் விரைவில் வந்துவிடும். தனியாக வருபவர் அறியாதவரோடு மேசையைப் பகிர்ந்து அமர்வது அங்கே இயல்பு என்பதால், காலை உணவுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரவு உணவுக்கு என் தேர்வு தெருவோரக் கடைதான். கொழுந்துவிட்டெரியும் அடுப்பில் வாணலியைக் குலுக்கி வதக்கும்போது உணவில் ஏறும் புகைமணத்தை 'வொக் ஹேய்', அதாவது வாணலியின் மூச்சு, என்கிறார்கள். உப்பும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த கணவாயிலும், மாட்டிறைச்சி சேர்த்த அகல நூடுல்ஸிலும் அந்த மணம் முழுமையாகத் தெரியும். இரண்டு மூன்று பேராகச் சென்றால்தான் பல உணவுகளைப் பகிர்ந்துண்ண முடியும். கோடையிலோ வெப்பம் கடுமையாக இருக்கும். ஆயினும், அரசு பல பத்தாண்டுகளுக்கு முன்பே புதிய உரிமங்களை நிறுத்திவிட்டதால் இன்று மிகச் சில கடைகளே எஞ்சியுள்ள நிலையில், ஒரே ஓர் இரவு மட்டும் ஹாங்காங்கில் தங்குபவர் இதைத் தவறவிடக் கூடாது.