இடிக்குக் கத்தும் அலாரம்: நானே பூட்டிப் பாவித்த அனுபவம்

நண்பன் ஒருவன் பழைய ஆல்ற்றோ கார் ஒன்று வாங்கியிருக்கிறான். "மச்சான், உன்ர காருக்கு அலாரம் நீயே பூட்டினனி தானே? எப்பிடி, நல்லதோ? நானும் ஒண்டு பூட்டட்டோ?" என்று கேட்டான். போன கிழமைதான் அதே அலாரத்தின் ஷொக் சென்சரை, அதாவது கார் அதிர்ந்தால் உணர்ந்து கத்த வைக்கும் பெட்டியை, கழற்றி வேறொன்று போட்டிருந்தேன். அந்தச் சூட்டில் அவனுக்குச் சொன்னது கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. ஆறுதலாக யோசித்து, சொல்ல வேண்டியதை முழுதாக எழுதுகிறேன்.

என் கார் நிசான் எஃப்.பி. 15, ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதோடு கொழும்பில் பழைய கார்களின் விலை ஏறத் தொடங்கியது. அதுவரை சாதாரணமாக நின்ற கார், களவு போனால் திரும்ப வாங்கவே முடியாத காராகிவிட்டது. எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு பார்க்கிங்தான், அதில் அண்ணாவின் கார் நிற்கும். என்னுடையது வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையில், மதிலோரமாக நிற்கும். அதனால்தான் அலாரம் பூட்ட நினைத்தேன்.

கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். பெயர் சொல்லும்படியான கம்பனிச் சாமான் இல்லை. இந்த வகை செட் எல்லாவற்றிலும் இருப்பதுதான் இதிலும் இருந்தது: கட்டுப்பாட்டுப் பெட்டி, சைரன், ஷொக் சென்சர், இரண்டு ரிமோட், மினுங்கும் சிவப்பு லைற், ஸ்ராட்டருக்குப் போகும் கரண்டை வெட்டும் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), ஒரு கட்டு வயர். பூட்டித் தர ஆள் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவசரத்தில் வயரை முறுக்கி, மேலே கறுப்பு ரேப் சுற்றிவிட்டுப் போன வேலைகளை மற்றவர்களின் கார்களில் கண்டிருக்கிறேன். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போட்டுக்குக் கீழே அந்த ரேப்பின் பசை இளகி வழியும், பிறகு ரேப் தானாகவே கழன்றுவிடும். நான் ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் பற்றவைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டேன். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் பிறகு, போன கிழமை டாஷ்போட்டின் கீழ்ப்பக்கத்தைக் கழற்றியபோது ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. இந்த வேலையில் எனக்கு அளவில்லாத சந்தோஷம் தந்தது இதுதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது சந்தோஷம் அந்த ரிலே. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அலாரம் என்றால் சைரன்தான் என்று நினைக்கிறார்கள். திறப்புச் சுவிட்சிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் வயரை வெட்டி, ஒரு முனையை ரிலேயின் 30 என்ற காலிலும் மற்ற முனையை 87ஏ என்ற காலிலும் இணைக்க வேண்டும். இந்த இரண்டும் ரிலே சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டு இருக்கும் கால்கள். அலாரம் போட்ட நிலையில் யாராவது திறப்பைத் திருப்பினால்தான் ரிலேயின் சுருளுக்குக் கரண்ட் போய், அந்தத் தொடுப்பு விடும், ஸ்ராட்டர் சுற்றாது. இதில் இரண்டு நன்மை. கார் சும்மா நிற்கும்போது ரிலே பற்றரியைத் தின்னாது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஒருநாள் செத்தே போனாலும் தொடுப்பு பழையபடி சேர்ந்திருக்கும், கார் ஸ்ராட் ஆகும். பெற்றோல் பம்பை வெட்டும்படி பூட்டித் தருபவர்களும் உண்டு. அதில் ஒரு தொடுப்பு ஓட்டத்தின்போது விட்டால் காலி வீதியின் நடுவில், பின்னால் 100ஆம் இலக்க பஸ் வர, எஞ்சின் நிற்கும். ஸ்ராட்டரை வெட்டினால் அந்தப் பயம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கதவு வயரில் மட்டும் ஒரு கரைச்சல் வரும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பான் கார்களில் பெரும்பாலும் கதவைத் திறந்தால் கதவுச் சுவிட்ச் வயரை எர்த்தோடு சேர்க்கும். அலாரத்தின் கதவு வயரை உள்லைற்றின் வயரில் இணைப்பது சுலபமான வழி. ஆனால் கதவைச் சாத்திய பிறகும் உள்லைற் மெல்ல மெல்ல அணையும் கார் என்றால், கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று அலாரம் நினைத்துக்கொள்ளும். நேராகக் கதவுச் சுவிட்சிலிருந்தே எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. வயரின் நிறத்தை நம்பி வெட்டக்கூடாது, மீற்றர் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பல்ப் டெஸ்டர் வேண்டாம், மீற்றர்தான். மஞ்சள் உறை போட்ட வயர்கள் எயார்பாக்குடையவை, அவற்றின் பக்கமே போகக்கூடாது. சைரனின் வாய் கீழே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் நிரம்பிவிடும். பிரதான வயரின் பியூஸ் கரண்ட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும்.

இனி அந்த ஷொக் சென்சருக்கு வருகிறேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மேலே ஒரு சின்னத் திருகு, அதைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம். மெல்லத் தட்டினால் இரண்டு தரம் கீச்சிடும், பலமாக இடித்தால் முழுச் சைரனும் அடிக்கும். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் இரும்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன், அதுதான் சரியான இடம். பிளாஸ்ரிக்கில் ஒட்டினால் அது தன்பாட்டுக்கு ஆடும். சரியான இடத்தில், சரியான முறையில் பூட்டிய சென்சர் இது. ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்பில் பின்னேரங்களில் இடிமழை பெய்யும்போது, ஒவ்வொரு பெரிய முழக்கத்துக்கும் சைரன் அடிக்கும். டிசம்பர் 31 நள்ளிரவில் ஒழுங்கை முழுக்க வெடி கொளுத்தும்போது அடிக்கும். ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும் நேரத்தில் மேளச் சத்தத்துக்குக்கூடக் கீச்சிட்டது. திருகைக் கூட்டி வைத்தால் கடலோர ரயில் போகும்போதும் கீச்சிடும். கீழ்வீட்டு அன்ரி நல்ல மனுஷி, கோபிக்கமாட்டார். "தம்பி, உங்கட கார்தான் கத்துது, ஒருக்கா பாருங்கோ" என்று அமைதியாகத்தான் கூப்பிடுவார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்த மாதங்களில் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இரவு படுக்க முன்னர் வானத்தைப் பார்த்து, மின்னல் தெரிந்தால் கீழே இறங்கிப் போய்ச் சென்சரின் பிளக்கைக் கழற்றிவிட்டு வரும் பழக்கமே வந்துவிட்டது.

இதையும் பொறுத்திருப்பேன். இடி என்றால் காரின் உடம்பு உண்மையிலேயே அதிர்கிறது, அந்த அதிர்வையும் கல்லெறியையும் பிரித்தறியும் மூளை இந்த விலைச் சாமானில் இல்லை என்பது விளங்கும். ஆனால் ஒருநாள் காலையில் இறங்கிப் பார்க்கிறேன், இடப்பக்கச் சைட் மிரரின் கண்ணாடி இல்லை. உறை அப்படியே இருக்கிறது, உள்ளே வெறும் பிளாஸ்ரிக் பிடியும், நெம்பிய இடத்தில் வெள்ளையாக ஒரு கீறலும். இரவு முழுக்க அலாரம் போட்டபடிதான் இருந்தது. ஒரு கீச்சுக்கூட இல்லை. கண்ணாடியை விளிம்பில் நெம்பினால் பிடியிலிருந்து கழன்றுவிடும், காரின் உடம்புக்கு அதிர்வே போகாது, கதவும் திறக்கப்படவில்லை, அதனால் கத்தவில்லை. காரணம் தெரிகிறது. ஆனால் ஊர் முழுக்க எழுப்பிய சாமான், கள்ளன் வந்த அன்று படுத்துக் கிடந்தது என்றால் விசர் வராதா? கண்ணாடி தேடித் திரும்பவும் பஞ்சிகாவத்தைக்குத்தான் போனேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அங்கே எந்தச் சாமானின் விலையைக் கேட்டாலும் மனம் சோர்ந்துவிடும்.

போன கிழமை கழற்றிய சென்சரைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்னப் பலகை, அதில் வட்டமான பித்தளைத் தகடு, அதன் நடுவில் வெள்ளைப் பூச்சு, ஒரு ஸ்பிரிங்கின் நுனியில் துளி அளவு எடை. கார் அதிரும்போது எடை ஆடி, தகடு வளைந்து, ஒரு சின்ன வோல்ற் பிறக்கும். அவ்வளவுதான் இதன் இரகசியம். நான் கூட்டிக் குறைக்கும் திருகின் அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கடற்காற்று. திருகில் நான் வைத்த அடையாளம் அசையாமல் இருக்க, சென்சர் மட்டும் ஒரு மாதம் செவிடாகவும் அடுத்த மாதம் துள்ளுவதாகவும் இருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. பொனற்றின் அடியில் இருக்கும் சுவிட்சும் இப்படித்தான் கறள் பிடித்தது. அதற்கு வசலின் பூசிக் காப்பாற்றலாம், சென்சருக்குள் என்னத்தைப் பூசுவது?

பற்றரியைப் பற்றியும் அவன் கேட்டான். அலாரம் போட்டபடி நிற்கும்போது என்னுடையது இருபது மில்லி அம்பியருக்குக் கிட்ட இழுக்கிறது. ஒரு நாளைக்கு அரை அம்பியர்-மணி. தினமும் ஓடும் காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் நின்றால், 45 அம்பியர்-மணிப் பற்றரியில் மூன்றில் ஒரு பங்கை ஒரே மாதத்தில் இதுவே குடித்துவிடும். 2022 நடுவில் பெற்றோல் இல்லாமல் கார்கள் அசையாமல் நின்ற நாட்களில் நான் அலாரத்தின் பியூஸைக் கழற்றிவைத்தேன், பற்றரி தப்பியது.

நியாயமாகக் கூட்டிப் பார்த்தால் இந்தச் செட்டில் பெரும்பகுதி நல்லது. சென்ரல் லொக் ஒருநாளும் ஏமாற்றவில்லை, ரிமோட் பற்றரி மாற்றுவதோடு சரி, ரிலே அருமை. அப்படியிருந்தும் அவனுக்கு நான் சொன்னது, வாங்காதே என்றுதான். அவனுடையது கையால் மாற்றும் கியர். ஸ்ராட்டரை வெட்டினாலும் இரண்டு பேர் தள்ளி, கியரில் போட்டு எடுத்துவிடுவார்கள், ஆகவே எனக்குப் பிடித்த பகுதி அவனுக்குப் பாதிப் பயன்தான். மிஞ்சுவது சைரன். கொழும்பில் கார் கத்தினால் யார் ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள்? கோபப்படுகிறார்கள், அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் போடும் இரும்பு லொக் ஒன்று நல்லதாகப் பார்த்து வாங்கு, மிரர் கண்ணாடியின் மூலையில் கார் நம்பரைப் பொறித்துவை, அது போதும் என்றேன்.

"அப்ப உன்ரயைக் கழற்றி எனக்குத் தா" என்கிறான். அது முடியாது. அத்தனை இணைப்பையும் நான் வெட்டமாட்டேன். வேண்டுமானால் சென்சரைக் கொண்டுபோகட்டும், புதிதாகப் போட்டதையும் சேர்த்துத் தருகிறேன்.