எட்டு நாள் மௌனத் தியானம்: போய் வந்தவரின் மதிப்புரை

இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற செப முறையைத் தழுவி, தன்னலம் துறத்தல் என்ற ஒரே பொருளை மையமாக வைத்து, குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினருக்காக நடத்தப்பட்ட எட்டு நாள் மௌனத் தியானம் ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். பாடலும் சாட்சியும் நிறைந்த மூன்று நாள் தியானங்களுக்கு முன்பு பலமுறை போயிருக்கிறேன். அவற்றிலிருந்து திரும்பும்போது நெஞ்சு நிறைந்திருக்கும். ஆனால் வீட்டில் என் சொல்தான் நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். இதே அனுபவம் உள்ளவர்கள் இந்த எட்டு நாளுக்குப் போகலாமா என்று கேட்டால், போக வேண்டும் என்றே சொல்வேன். ஒரு பெரிய குறையும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முறையின் பின்னணி சுருக்கமாக: 1521-இல் ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய லொயோலா இஞ்ஞாசியார், நோய்ப்படுக்கையில் மனம் மாறி, அடுத்த ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது செபத்தில் தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே வளர்ந்து நூலாகி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றன. முழுப் பயிற்சி, ‘வாரங்கள்’ எனப்படும் நான்கு பகுதிகளாக ஏறத்தாழ 30 நாள் நடக்கும். எட்டு நாள் என்பது அதன் சுருக்கம். இது உட்கார்ந்து கேட்கும் பிரசங்கத் தொடர் அன்று. தியானம் கொடுப்பவர் சிறிது நேரம் பேசி, இறைவாக்குப் பகுதியைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். மீதி நேரம் நமக்கும் ஆண்டவருக்கும் உரியது.

முதல் நாள் மாலை கைப்பேசியை அணைத்து, ஓர் உறையில் போட்டு, மேலே பெயரெழுதிக் கொடுத்தோம். அன்றைய உரை மத்தேயு 16:24 பற்றியது. பழைய மொழிபெயர்ப்பில் ‘தன்னைத்தான் வெறுத்து’ என்றும், திருவிவிலியத்தில் ‘தன்னலம் துறந்து’ என்றும் வருகிற அந்த இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல்லே, சேவல் கூவுமுன் பேதுரு தம்மை மூன்று முறை மறுதலிப்பார் என்று இயேசு சொல்லும் இடத்திலும் வருகிறது என்று அருள்தந்தை விளக்கினார். வெறுப்பு என்ற சொல்லால் சிறு வயதிலிருந்தே குழம்பியிருந்த எனக்கு இந்த ஒரு விளக்கமே பெரிய விடுதலையாக இருந்தது. பேதுரு அன்று இயேசுவை வெறுக்கவில்லை. அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கைகழுவினார். ‘நான், எனக்கு’ என்று எனக்குள் ஓயாமல் உரிமை கோரும் ஒருவனைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லத்தான் ஆண்டவர் கேட்கிறார். அவர் படைத்த என்னை நானே இழிவுபடுத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல்தான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு மணி நேரச் செபத்தில் இருபது நிமிடம் கழிந்த பிறகு மனம் முழுவதும் வறண்டுவிட்டது. சுவரிலிருந்த கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று தோன்றும் நேரத்தில் குறித்த மணியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று பயிற்சி நூலின் தொடக்கத்தில் வழிகாட்டலாகத் தரப்பட்டுள்ள முன்குறிப்புகளில் 13-ஆவது சொல்கிறது. ஆறுதல் பொங்கும்போது ஒரு மணி நேரம் இருப்பது யாருக்கும் எளிது. ஆறுதல் இல்லாதபோது ஐந்து நிமிடம் கூடுதலாக இருப்பதே சோதனையை எதிர்த்து நிற்பது. இருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் எந்த ஒளியும் வரவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் நான் செபத்துக்கு வந்து கொண்டிருந்தது ஆண்டவருக்காகவா, செபம் தரும் இதமான உணர்வுக்காகவா என்ற கேள்வியிலிருந்து அதன் பிறகு என்னால் தப்ப முடியவில்லை.

நான்காம், ஐந்தாம் நாள்களுக்காக மட்டுமே இந்தத் தியானத்துக்குப் போகலாம். ‘மூன்று வகை மனிதர்’ என்ற பயிற்சியில், 10,000 பொற்காசுகளைச் சேர்த்துவிட்டு அதன் மேலுள்ள பற்று மனத்தை அழுத்துவதை உணர்கிறவர்களை இஞ்ஞாசியார் காட்டுகிறார். முதல் வகையினர் விட விரும்புகிறார்கள், ஆனால் சாகும்வரை ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை. இரண்டாம் வகையினர் பற்றை விட விரும்புகிறார்கள், பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு. தாங்கள் விரும்பிய இடத்துக்குக் கடவுள் வரட்டும் என்கிறார்கள். மூன்றாம் வகையினர், வைத்துக்கொள்வதானாலும் விடுவதானாலும் கடவுளுக்கு எது ஏற்றதோ அது மட்டும் போதும் என்ற நிலைக்கு வருகிறார்கள்.

என் பொற்காசு என்னவென்று எழுதச் சொன்னார்கள். பல ஆண்டுகளாக நான் வகிக்கும் பாடகர் குழுப் பொறுப்பை எழுதினேன். ஆண்டவருக்காகத்தானே செய்கிறேன், அது எப்படிப் பற்றாகும் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தேன். தனிச் சந்திப்பில் அருள்தந்தை அதை வாசித்துவிட்டு ஒன்றே கேட்டார்: “இதே வேலையை வேறொருவர் உங்களைவிட நன்றாகச் செய்தால், அன்றைக்குத் திருப்பலியில் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்குமா?” தெரியவில்லை ஃபாதர் என்றேன். “அப்படியானால் இன்று மாலை அதையே செபமாக வையுங்கள். எதைக் கொடுக்க மனம் மறுக்கிறதோ, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லியே கேளுங்கள்.” இதுவும் இஞ்ஞாசியாரின் அறிவுரைதான். அன்று மாலை அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்போதுதான் நான் இரண்டாம் வகை மனிதன் என்பது எனக்குத் தெரிந்தது. முழு இருதயத்தோடு சேவை செய்கிறேன் என்று இத்தனை ஆண்டும் நம்பியிருந்தவன் நான்.

ஒறுத்தல் முயற்சிகள் (உடலையும் ஆசைகளையும் கட்டுப்படுத்தும் தவச் செயல்கள்) பற்றிய உரை சுமார்தான். மிகையானதை விலக்குவது மிதம் மட்டுமே, தகுதியானதிலிருந்தும் குறைத்துக்கொள்வதே தவம் என்ற நல்ல வேறுபாட்டைச் சொல்லிவிட்டு அதை விரிக்காமலே கடந்துபோனார்கள்.

குறைக்கு வருகிறேன். ஏழாம் நாள் இரவு, விளக்குகளைக் குறைத்து, உருக்கமான பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, ‘முழு அர்ப்பண அட்டை’ ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அச்சிட்டிருந்த வாக்குறுதிகளில் கையெழுத்திட்டு உடனே பீடத்தில் வைக்க வேண்டும். பலர் அழுதுகொண்டே கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆறுதலும் உருக்கமும் மிகுந்திருக்கும் நேரத்தில் அவசரப்பட்டு எந்த வாக்குறுதியும் கொடுக்க விடக் கூடாது என்று 14-ஆம் முன்குறிப்பும், தியானம் கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள்போல் நடுவில் நின்று, படைத்தவரே தம் படைப்போடு நேரடியாகப் பேச விட வேண்டும் என்று 15-ஆம் முன்குறிப்பும் தெளிவாகவே சொல்கின்றன. ஏழு நாள் இந்த ஒழுங்கை அவ்வளவு கவனமாகக் காத்தவர்கள் கடைசி இரவில் அதைக் கைவிட்டது எனக்கு வருத்தமளித்தது. உருக்கத்தில் கொடுத்த வாக்கு சில வாரங்களில் உடையும்போது, தன்மறுப்பு நம்மால் ஆகாத காரியம் என்ற முடிவுக்கே பலர் வந்துவிடுவார்கள். பின்னூட்டத் தாளில் இதை எழுதிக் கொடுத்தேன். நாற்பது பேருக்கு ஒரே வழிகாட்டி என்பதும் போதாது. எனக்குக் கிடைத்த தனிச் சந்திப்புகள் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல் நீளவில்லை.

எட்டாம் நாள் காலை, அன்பு சொல்லைவிடச் செயலில் விளங்க வேண்டும் என்ற குறிப்போடு தொடங்கும் தியானமும், ‘ஆண்டவரே, என் சுதந்திரம், நினைவு, அறிவு, விருப்பம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும்’ என்ற செபமும் அமைதியாக நடந்தன. இசையும் அட்டையும் இல்லாத அந்த அரை மணி நேரமே உண்மையான அர்ப்பணமாக எனக்குப் பட்டது.

அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் பதிவு செய்யுமுன் வழிகாட்டியிடம் பேசிவிடுவது நல்லது. எட்டு நாள் மௌனம் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் ஏற்றதன்று. மற்றவர்கள் இரண்டு வழிகாட்டிகளாவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

நான் அந்த அட்டையில் கையெழுத்திடவில்லை. வீடு திரும்பி, பொறுத்திருந்து, வழிகாட்டியோடு மேலும் இரண்டு முறை பேசிய பிறகே ஒரு முடிவுக்கு வந்தேன். இப்போது தவக்காலப் பாடல் பயிற்சிகளை இளையவர் ஒருவர் நடத்துகிறார். நான் பின்வரிசையில் நின்று பாடுகிறேன். அவர் தாளத்தைச் சற்று இழுக்கும்போது என் கை தானாக உயர்கிறது. அதைக் கீழே இறக்கிவிட்டு அவர் கையைப் பார்த்துப் பாடுகிறேன்.