அல்சூரில் கேசட்டை டிஜிட்டலாக்கும் கடை

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் விஎச்எஸ் கல்யாண கேசட்டை டிஜிட்டலாக்கித் தருகிற சின்னக் கடை இது, தாராளமாகப் போகலாம். நம் ஊர் பழைய டிவி முறையான பால் (PAL) கேசட் என்பதால் 720-க்கு 576 பிக்சல் அளவில்தான் பதிவெடுக்கிறார்கள், அப்புறம் டிவிக்காகப் பெரிதாக்குவதற்கு முன்னால் எந்த ஃபில்டர், அதாவது பெரிதாக்கும் கணக்கு முறை, வேண்டும் என்று போட்டுக் காட்டிக் கேட்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். லான்சோஸ் என்ற ஃபில்டர் ஓரங்களைக் கூர்மையாக்கும், கூடவே புள்ளி இரைச்சலையும் எடுத்துக்காட்டும், ஜரிகைக் கரையை ஒட்டி வெள்ளைக் கோடு வேறு விழும். பைலீனியர் இரைச்சலை அமுக்கும், ஆனால் முகமும் மங்கும். பழைய கேசட்டுக்கு மென்மையான பைகியூபிக்தான் சரி. ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதிந்திருக்கும் இன்டர்லேஸை நீக்கி, இரைச்சல் குறைத்த பிறகே பெரிதாக்குகிறார்கள். விலை கொஞ்சம் அதிகம். பெரிதாக்காத மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.